காத்துக்கு ஒரு மடை

வா மருமவனே, இப்பிடி உக்காரு. மொதல்ல அந்தப் பாட்டில மடியில இருந்து எறக்கு. பெத்த பிள்ளையக்கூட நீ இத்தன நேரம் மடியில வச்சு நான் பாத்ததில்ல.

நாப்பது வருசம் சாத்தூர்ல சைக்கிள் கடை வச்சவன் நான். காத்த வித்துச் சோறு தின்னவன். உங்கம்மா கல்யாணத்துக்கு நான் போட்ட சங்கிலி, டயருக்கு அஞ்சு பைசா பத்து பைசான்னு காத்தடிச்சுச் சேத்த காசு. அதனால காத்தப் பத்தி எனக்கு ஒருத்தனும் பாடம் எடுக்க முடியாதுங்கற மெதப்புலதான் பிளேன் ஏறுனேன். நீ நேத்து சாயங்காலம் அந்த மெதப்புல ஆணியக் குத்திட்ட. ராத்திரி பூரா ஒறக்கமில்ல.

உன் ஏர்கன் பாட்டில்ல 3000 பவுண்டு காத்தக் காசு குடுத்து அடைச்சிட்டு வர்ற. நீ பி.எஸ்.ஐ.ங்கறது எங்க கடையில பவுண்டு. சைக்கிளுக்கு 40, உங் காருக்கு 32, லாரிக்கு 100. 3000ங்கறது நான் காதால கேட்டிராத கணக்கு. சரி, பெரிய தேசம், பெரிய காத்துன்னு விட்டுட்டேன். அப்பறம் பாத்தா, பாட்டில் வாயில ஒரு சாமானத் திருகியிருக்க. ரெகுலேட்டராம், அதுக்குத் தனி வெல. அதோட வேலை என்னன்னு கேட்டா, உள்ள இருக்கிற 3000த்த 850ஆக் கொறைச்சுத் துப்பாக்கிக்கு விடுறதாம். ஏய்யா, அண்டா நெறையப் பாயாசம் காச்சிட்டு, பந்தியில பாலாடைய வச்சு வெளம்புன கதையால்ல இருக்கு! சிரிச்சுக்கிட்டேதான் போயிப் படுத்தேன். பாதி ராத்திரியில சிரிப்பு நின்னுபோச்சு. ஏன்னு சொல்றேன்.

போன தடவ நான் வந்தப்ப ஒங்கிட்ட சோடா கேஸ் துப்பாக்கி இருந்துச்சு. கார்பன் டை ஆக்சைடுன்னு நீ சொல்லுவ. கோலி சோடாவுல அடைக்கிற கேஸ்தானே, எனக்கு அது சோடா கேஸ். புட்டிக்குள்ள அது தண்ணியாக் கெடக்கும், மேல ஆவியா நிக்கும், அந்த ஆவிதான் குண்டத் தள்ளும். ஆவின்னா என்ன? இட்லிக் கொப்பரையக் கேளு, சொல்லும். சூடு இருந்தா எந்திரிக்கும், குளுந்தா படுத்துரும். நம்மூர்ல காலையில ஏழு மணிக்கு இருக்குமே இதமா, 21 டிகிரி, அதுல அந்தக் கேஸ் ஏறக்கொறைய 850 பவுண்டு தள்ளும். தண்ணி ஒறையிற குளுருல 500தான். நீ தை மாசத்துல இந்த மிசௌரிக் காட்டுல பனிக்குள்ள போயி நின்ன. சுட்ட குண்டு மூக்குச் சிந்துன மாதிரி பத்தடி தள்ளி விழுந்துச்சு. அணிலு உன்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து துப்பாக்கிக்குக் கம்பளி சுத்துனியே, ஞாபகம் இருக்கா? நான் யார்கிட்டயும் சொல்லல. உங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன்.

ஆக, சோடா கேஸ விட்டுட்டு வெறும் காத்துக்கு வந்தது புத்தி. காத்து இந்த ஊருக் குளுருக்குத் தண்ணியாகாது, ஆவியாகாது, காத்தாவே இருக்கும். குளுருல கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான். பாட்டிலுக்குள்ள என்ன இருந்தாலும் ரெகுலேட்டர் 850ன்னு அளந்து விட்டுச்சுன்னா, அந்தப் பழைய துப்பாக்கிக்கு வருசம் பூரா காலையில ஏழு மணிதான். இந்த மட்டும் நீயே சொன்ன. எனக்கு ஒறக்கம் கெட்டது அடுத்த விசயத்துல.

பக்கத்துப் பண்ணைக்காரர் கொண்டாந்த துப்பாக்கி. அதுல ரெகுலேட்டர் கெடையாது. 3000த்த அப்பிடியே அடைச்சு அப்பிடியே சுடுறது. வேகம் பாக்குற பொட்டிக்கு முன்னால வச்சு அவரு சுட்டாரு, நான் நோட்டுல எழுதுனேன். மொதல் குண்டு நொடிக்கு 810 அடி. காத்து கொறையக் கொறைய வேகமும் கொறையும்னு பத்தாங்கிளாஸ் பெயிலான நானே சொல்லுவேன். ஆனா ரெண்டாவது 818. அப்பறம் 830. ஏறுது! 860 வரைக்கும் ஏறி, அங்கயே கொஞ்ச நேரம் நின்னு, அப்பறம்தான் எறங்குச்சு. காத்து நெறைய இருக்கும்போது மெதுவாப் போகுது, கொறஞ்ச பெறகு வேகமாப் போகுது. காத்த வித்துச் சோறு தின்னவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்னு உனக்குத் தெரியாது.

விடியக்காலம் நாலு மணிக்குத்தான் பிடிபட்டுச்சு. நீ பாட்டில டேங்க்கு டேங்க்குன்னு சொன்னியே, நம்மூர்க் கண்மாய்க்கரையில பி.டபிள்யூ.டி.காரன் நட்டு வச்ச போர்டுலயும் இங்கிலீசுல டேங்க்குன்னுதான் போட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணுதான் மருமவனே! கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயிற அன்னைக்கு மடை தெறக்கப் போயிருக்கியா? எங்கப்பாகூட நான் போயிருக்கேன். நீர்ப்பாய்ச்சி முங்கிப் போயி அடைப்பை அசைப்பாரு. அசையாது. மேல நிக்கிற தண்ணி பூராவும் அதுமேல உக்காந்திருக்கும். ரெண்டு ஆளு சேந்து இழுத்தாலும் ஒரு சாண்தான் தெறக்கும். அதே மடைய மாசியில, தண்ணி பாதி வத்துனப்போ, ஒரு பொடிப்பய காலால நெம்பிருவான்.

துப்பாக்கிக்குள்ள இருக்கிறதும் அதே கததான். வெசைய இழுத்தா ஒரு சுத்தியல் போயி வால்வத் தட்டுது. வால்வுக்குப் பின்னால 3000 பவுண்டு உக்காந்திருந்தா, அது பட்டுன்னு தெறந்து பட்டுன்னு மூடிக்கிருது. குண்டுக்குக் கெடைக்கிறது கொசுறுக் காத்து. அழுத்தம் கொறையக் கொறைய வால்வு நல்லாத் தெறக்குது, வேகம் ஏறுது. ரொம்பக் கொறஞ்சா வால்வு தெறந்தும் புண்ணியமில்ல, தள்ள ஆளில்ல. நடுவுல ஒரு பத்திருபது குண்டு மட்டும் ஒழுங்கா ஒரே மாதிரி போகும். பண்ணைக்காரர் கெட்டிக்காரர், அந்த நடுவை மட்டும் எந்தெந்த எண்ணுன்னு கட்டையில கீறி வச்சிருக்காரு. வேட்டைக்குன்னா 3000 வரைக்கும் அடைக்கிறதே இல்ல.

உன் ரெகுலேட்டரு அந்தக் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் நடுவுல ஒரு தொட்டியக் கட்டி, தொட்டிக்கு ஒரு காவக்காரனப் போட்ட மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு படத்துல காமிச்சியே. ஒரு பிஸ்டன், அதுக்கடியில சாசர் மாதிரி குழிஞ்ச வாசர் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கியிருக்கு. துப்பாக்கிப் பக்கம் அழுத்தம் கொறஞ்சா வாசரு பிஸ்டன முட்டித் தள்ளும், வழி தெறக்கும், பாட்டில் காத்து வரும். 850 வந்ததும் அந்த அழுத்தமே பிஸ்டனத் திருப்பித் தள்ளி வழிய அடைச்சிரும். கரண்டு இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. மேல்தொட்டியில மெதந்துக்கிட்டு, தண்ணி நெறஞ்சதும் குழாய அடைக்கிற பந்து இருக்கில்ல, அதோட தூரத்துச் சொந்தக்காரன். இதக் கண்டுபிடிச்சவன் கண்டிப்பா ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளையாத்தான் இருப்பான்.

இப்பக் கணக்குக்கு வா. 3000 இருக்கு, 3000 இருக்குன்னு துள்ளாத. மடைக்குக் கீழ கெடக்குற தண்ணி எருமைக்குத்தான் ஆகும், நெல்லுக்கு ஆகாது. 3000த்துல 850 போனா 2150. அதுதான் உன் வெள்ளாமைக்குத் தண்ணி. பாட்டில் 850க்குக் கீழ போயிருச்சுன்னா காவக்காரன் கதவ விரியத் தெறந்து போட்டுட்டுப் போயிருவான். அதுக்குமேல ஒவ்வொரு குண்டும் முந்தினதவிட நோஞ்சான். இன்னும் மூணு குண்டு வருமேன்னு இழுத்தடிக்காத, அந்த மூணும் அணிலோட தலைக்குப் போகாது, வயித்துக்குப் போகும். அது மரப்பொந்துக்குள்ள போயி ரெண்டு நாள் கெடந்து சாகும். வேட்டைக்குப் போனவன் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாத பாவம் அது.

நேத்து நீ ஒரு தாளக் கொண்டாந்து காட்டுனியே, முப்பது குண்டும் ஒரு எட்டணாவுக்குள்ள விழுந்திருக்குன்னு. ரொம்ப அழகு, சட்டம் போட்டு மாட்டிக்கோ. ஆனா மருமவனே, அணிலு முப்பது தடவ நின்னு குடுக்குமா? நீ ஹிக்கரி மரத்தடியில ஒரு மணி நேரம் ஆடாம அசையாம உக்காந்து, அது எறங்கி வர்றப்ப ஒரு குண்டு விடுவ. ஒண்ணு. அந்த ஒண்ணு தாள்ல விழுந்த முப்பதுல எது? மொதலாவது. ஒரு மணி நேரம் சும்மா கெடந்த துப்பாக்கியோட மொதல் குண்டு. அத நீ என்னைக்காவது தனியா அளந்து பாத்திருக்கியா?

ஏன் கேக்குறேன்னா, காவக்காரன் எல்லாரும் யோக்கியன் கெடையாது. பிஸ்டன் போயி உக்காருற எடத்துல ஒரு கீறல், ஒரு தூசி, ஓ ரிங்குல ஒரு நசுங்கல் இருந்தாப் போதும். அடைச்ச மாதிரி அடைச்சிட்டு, நைசா கசியவிட்டுக்கிட்டே இருப்பான். படபடன்னு சுடும்போது தெரியாது, 850லதான் நிக்கும். சும்மா கெடக்கிற ஒரு மணி நேரத்துல 850, 900, 1000ன்னு ஏறியிருக்கும். சுத்தியல நீ 850க்குத்தானே பதமாக்கி வச்ச? மொதல் குண்டு எங்கயோ போகும், ரெண்டாவதுல இருந்து எல்லாம் ஒழுங்கு. அணிலுதான் ரெண்டாவது வரைக்கும் இருக்காது. நம்ம கடையிலயும் இப்பிடித்தான்: வால்டியூப் போட்டதும் தண்ணித் தொட்டியில முக்கிப் பாத்தா ஒரு முட்டகூட வராது. மறுநா காலையில டயரு தரையோட ஒட்டிக் கெடக்கும். அதனால நான் பழைய டியூப ராத்திரி பூரா வச்சுப் பாத்துட்டுத்தான் காசு வாங்குவேன். நீயும் அதச் செய்யி. உன் பாட்டில்ல இருக்கிற மீட்டரு பாட்டில் பக்கத்து அழுத்தத்தத்தான் காட்டுது, அது உனக்கு எத்தன குண்டு மிச்சம்னு சொல்லுமே தவிர காவக்காரன் யோக்கியதையச் சொல்லாது. துப்பாக்கிப் பக்கத்து அழுத்தத்தக் காட்ட ஒரு மீட்டர வாங்கிப் போடு. ரெண்டு குண்டு சுடு, முள்ளு எங்க நிக்குதுன்னு பென்சில்ல குறி. சாப்பிட்டுட்டு ஒறங்கு. காலையில காப்பி குடிக்கறதுக்கு முன்னால பாரு. முள்ளு அங்கயே நின்னா சாமியக் கும்பிட்டுட்டுக் கெளம்பு. ஏறியிருந்தா பிரிச்சுத் தொடைக்கணும், இல்ல தெரிஞ்சவன்கிட்டக் குடுக்கணும்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். பிரிக்கிறதுன்னதும் நான் அன்னைக்கு எண்ணெய்க் கேனத் தூக்கிட்டு வந்தேன் பாரு, நீ ‘மாமா!’ன்னு போட்ட சத்தத்துல உன் பிள்ள தொட்டில்ல இருந்து எந்திரிச்சிருச்சு. நாப்பது வருசம் எதுக்கெடுத்தாலும் ரெண்டு சொட்டு எண்ணெய்தான் எனக்கு வைத்தியம். டீசல் எஞ்சின்ல காத்த அமுக்குன சூட்டுலயே எண்ணெய் பத்திக்கிருது, இங்க அதவிட எத்தனயோ மடங்கு அமுக்குறோம், எண்ணெய் விட்டா குண்டுக்குப் பதிலா பாட்டிலே போயிரும்னு நீ சொன்னப்ப, ஆயில் எஞ்சின் ஓட்டுன ஊர்க்காரன் எனக்கு ஒறைச்சிருச்சு. சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் ஓ ரிங்குக்கு மினுமினுப்பு வர்ற அளவு. மெடிக்கல் ஆக்சிஜன் புட்டியில இருந்து அடைச்சுக்கலாமான்னு உன் சிநேகிதன் கேட்டானே, அவன இனிமே வீட்டுப் பக்கம் சேத்துக்காத.

அடைக்கும்போது மெதுவா அடை. பம்பு அடிச்ச பயலுக்குத் தெரியும், அடி வேகமா விழுந்தா பம்புக் குழா கையச் சுடும். சூட்டுல முள்ளு 3000 காட்டும், ஆறுனதும் 2700க்கு வந்து நிக்கும், நீ கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவன்மேல பாயுவ. ஈரக் காத்தும் ஆகாது, உள்ளுக்குள்ளயே அரிச்சிரும். பாட்டில் கழுத்துல தேதி அடிச்சிருக்கு பாரு, கண்ணாடியப் போட்டுப் படிச்சேன். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கத் தண்ணிய ரொப்பி அழுத்திச் சோதிக்கணும். இந்த ஊர்ல அது சட்டம், தேதி தாண்டுனா ஒழுங்கான கடைக்காரன் காத்தடைக்க மாட்டான். நம்மூர் கேஸ் சிலிண்டர்லயும் இருக்கு அந்த மாதிரி தேதி, யாரு பாக்கிறா?

கழத்துறப்பத்தான் ரொம்ப சூதானம் வேணும். ரெகுலேட்டரும் பாட்டிலும் சேந்தாப்புல சுத்தி வெளிய வரணும். பாட்டில் மட்டும் தனியாச் சுத்துதுன்னு வையி, ரெகுலேட்டரு துப்பாக்கியில மாட்டிக்கிட்டு, நீ 3000 பவுண்ட மூடியில்லாமக் கையில பிடிக்கப் போறன்னு அர்த்தம். அது ராக்கெட்டு. அப்பிடியே நிறுத்திட்டு விவரம் தெரிஞ்சவனத் தேடு. மருமவகிட்ட நெயில் பாலிஷ் வாங்கி, ரெண்டும் சேருற எடத்துல ஒரு கோடு இழுத்து வையி. கோடு ஒடஞ்சா திருகு அசைஞ்சிருச்சுன்னு குருடனுக்கும் தெரியும். அவ செவப்பு நெயில் பாலிஷுக்கு இந்த வீட்டுல இப்பிடி ஒரு பெரிய உத்தியோகம் இருக்குன்னு அவளே நெனச்சிருக்க மாட்டா. அப்பறம் பக்கத்துல ஒரு சின்ன திருகு இருக்கே, உள்ள தகடு வச்சது, அதத் தொடாத. காவக்காரன் செத்துப்போயி 3000மும் துப்பாக்கிப் பக்கம் பாய வந்தா, 1800 பக்கத்துலயே அந்தத் தகடு கிழிஞ்சு காத்த வெளிய விட்டுரும். ஒழுகுதேன்னு அதுக்குப் பதிலா தடிமனான தகட்டப் போட்ட ஆளு இருக்கானாம். குக்கர் வால்வு சத்தம் போடுதுன்னு எம்-சீல் வச்சு அடைச்சவனோட ஒண்ணுவிட்ட தம்பி.

இத்தனைக்கும் மேல உனக்கு ஆசை அடங்கல, 850 பத்தாது, 1100 வையி, 1800 விடுற ரெகுலேட்டரு இருக்காம்ங்கற. வையி, யாரு வேண்டாம்னா? சோடா கேஸுக்குன்னு செஞ்ச வால்வு அதத் தாங்குமான்னு செஞ்சவன்கிட்டக் கேட்டுட்டு வையி. சுத்தியலுக்கு வலுவான ஸ்பிரிங் வேணும், இல்லன்னா அந்த நெறகண்மாய்க் கததான் திரும்ப. 3000த்துல 1800 போனா உனக்கு மிஞ்சறது 1200, அதையும் பாத்துக்கோ. இடுப்பு ஒடுங்குன அந்த ஈயக்குண்டு 800, 900 அடி வேகத்துல கோயில் தேர் மாதிரி நேராப் போகும். சத்தத்தோட வேகத்த எட்டிப் பிடிக்கப் போனா ஆடத் தொடங்கிரும். அதுக்கும் மேல, குண்டுக்குக் குண்டு வேகம் கூடக்குறைய இருக்கிறதுதான் கெடுதல். நொடிக்கு 50 அடி வித்தியாசம்னா, 50 கெஜத்துல குண்டு ஏறக்கொறைய ஒரு அங்குலம் எறங்கி விழும். அணிலோட தலையே அம்புட்டுதான்.

இன்னொரு வேடிக்கை கேளு. உன் மிசௌரி ஆறு இருக்கே, 1804 மே மாசம் லூயிஸு, கிளார்க்குன்னு வழி தேடிப் போன ரெண்டு பேரு இது வழியாத்தான் படகுல மேல ஏறிப் போனாங்க. லூயிஸ்கிட்ட ஒரு காத்துத் துப்பாக்கி இருந்துச்சு. ஜிரார்டோனின்னு டைரோல் பக்கத்து ஆளு, ஆஸ்திரியாக்காரன் பட்டாளத்துக்குன்னு 1780 வாக்குல செஞ்ச சாதின்னு சொல்றாங்க. பின்கட்டையே இரும்புப் புட்டி. அதுல காத்தடைக்க 1500 தடவ பம்பு அடிக்கணும். என் கடையில அப்பிடி ஒரு கிராக்கி வந்திருந்தா கடையப் பூட்டிட்டு ஓடியிருப்பேன். பக்கவாட்டுக் குழாயில இருபது குண்டு, வரிசையாச் சுடலாம், பொகை கெடையாது. வழியில பாத்த ஊர்க்காரங்களுக்கெல்லாம் சுட்டுக் காட்டி அசத்தியிருக்காங்க. அந்தப் புட்டியில அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் 800 பவுண்டு. நீ கார்பன் சுத்துன பாட்டிலு, 3000, ரெகுலேட்டரு, மீட்டருன்னு சுத்தோ சுத்துன்னு சுத்திட்டு வந்து சேந்த எடம் 850. எரநூறு வருசத்துல 50 பவுண்டு முன்னேறியிருக்க. அவருக்குக் காவக்காரன் இல்ல, குண்டுக்குக் குண்டு வேகம் கொறஞ்சுக்கிட்டே போகும். அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் நீ காசு குடுத்திருக்க. நல்ல காசுதான், நான் இப்பச் சிரிக்கல.

அதே லூயிஸ், 1803 ஆகஸ்டு கடைசியில, பிட்ஸ்பர்க்ல பொறப்பட்ட அன்னைக்கே என்ன பண்ணாரு? ஒரு தீவுல எறங்கி, பழக்கமில்லாத ஒருத்தர்கிட்ட அந்தத் துப்பாக்கியக் குடுத்தாரு. அது தன்னால வெடிச்சு, நாப்பது கெஜம் தள்ளி நின்ன ஒரு பொம்பள தொப்பியத் தொளச்சு, நெத்திப் பொட்ட ஒரசிட்டுப் போச்சு. செத்தே போயிட்டான்னு எல்லாரும் கதிகலங்கி நின்னாங்களாம். ஒரு நிமிசத்துல முழிச்சிருச்சு அந்தத் தாயி. அவரே டைரியில எழுதி வச்சிருக்காரு. போன ஞாயித்துக்கெழம நீ கறி சுட்டுக்கிட்டே ‘பிடிச்சுப் பாருங்க, வெறும் ஏர்கன்தான்’னு ஆளாளுக்கு நீட்டுனப்ப எனக்கு அந்தத் தொப்பிதான் கண்ணுல ஆடுச்சு. இருக்கன்குடித் திருவிழாவுல பலூன் சுடுற ஏர்கன் இல்ல அது. அதுல பலூனே ஒடையாது.

அணிலச் சுடுறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நம்மூர்க் காட்டுல வேட்டைன்னு கெளம்புனா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பின்னாலயே வரும். இங்க பர்மிட் குடுக்கான், மே மாசக் கடைசியில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும், நாளைக்குப் பத்துன்னு கணக்கு வச்சிருக்கான். நானும் மொத நாள் இந்த ஊரு அணிலக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். முதுகுல ஒரு கோடுகூட இல்ல. ராமர் இந்தப் பக்கம் வரலபோல. சரி, சுட்டா தின்னணும், கொழம்பு வைக்கத் தெரிஞ்சவனாச்சும் இருக்கணும். போன தடவ உங்கம்மா அடுப்பங்கரையில இருந்தே வெளிய வந்து திண்ணையில உக்காந்துட்டா, அதையும் நெனச்சுக்கோ.

அம்புட்டுதான். ராத்திரிக்கு அந்த மீட்டரு முள்ளக் குறிச்சு வையி, காலையில சேந்து பாப்போம். இப்ப எந்திரிச்சு என்கூடக் கார் ஷெட்டுக்கு வா. உன் மூத்தவன் சைக்கிள்ல பின்டயரு ஒரு வாரமாத் தரையில கெடக்கு. அவனும் உருட்டிக்கிட்டே போறான், உருட்டிக்கிட்டே வர்றான். வீட்டுல 3000 பவுண்டு காத்து மடியில ஒறங்குது. ஏய், அந்தப் பாட்டில எடுக்காத, டியூபு சிதறிப்போகும்! அவனுக்கு 40 போதும். கைப்பம்பு எங்க வச்சிருக்க?